ஒரு விரல் இடம்

என் கண்ணைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாதுதான். ஆனால் பட்டறையில் மற்றவர்கள் வாய் திறந்து பாராட்டுவதற்குள் பொழுது போய்விடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அடிபட்டு வரும் கார்களுக்குப் பெயின்ட் கலக்குவது என் வேலை. கலர் பார்ப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கார் வாங்குகிறவர்கள் சில்வர் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். அதே சில்வர் நாலு வருஷம் வெயிலில் நின்றால் வேறு சில்வர். கம்பெனி கொடுக்கும் கணக்குப்படி கலந்தால் புதுக் காருக்குத்தான் பொருந்தும். மிச்சத்துக்குக் கண்தான் கணக்கு. ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு நீலம் என்று சேர்த்து, அட்டையில் அடித்து, காயவைத்து, வாசலுக்குக் கொண்டுபோய்க் காரோடு ஒட்டிப் பிடிப்பேன். நேராகப் பார்ப்பேன், தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். டியூப்லைட்டை மட்டும் நம்பவே மாட்டேன். அது எல்லாரையும் நல்லவர்களாகக் காட்டும்.

தூக்கத்தைப் பற்றி அப்படிப் பெருமை பேச வழியில்லை. என் குறட்டை சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பது எல்லாரும் அறிந்த விஷயம். என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார், அதிர்ந்து பேசாத மனிதர். "குறட்டை பரவாயில்ல. அது நிக்கிறப்பதான் எனக்குப் பயமா இருக்கு" என்பார். "நின்னா நிம்மதியாத் தூங்க வேண்டியதுதானே" என்று நான் திருப்பிக் கடிப்பேன். தூங்கியெழுந்தாலும் தலை விண்விண்ணென்று தெறிக்கும். அந்த எரிச்சலை யார் எதிரே வந்தாலும் அவர்கள் தலையில் கொட்டுவேன்.

ஒரு நாள் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. முதுகில் யாரோ குத்து குத்தென்று குத்தினார்கள். "அம்மா! அம்மா! விழுது!" வண்டி சாய்ந்து, பக்கத்தில் நின்ற லாரியின் சக்கரத்துக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் பிள்ளை காலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னையும் வண்டியையும் தாங்கிப் பிடித்திருந்தாள். பட்டப்பகலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில், நான் தூங்கியிருந்தேன்.

அதோடு என் வாய் அடங்கியது. தூக்கத்தைச் சோதிக்கும் கிளினிக்குக்குப் போனோம். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, தூங்கும்போது என் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள். ஒரு மெஷின் கொடுத்தார்கள். அது குழாய் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், தொண்டை மூடாது. மூக்கின் மேல் உட்காரும் மாஸ்க் ஒன்று, தலையைச் சுற்றிப் பட்டைகள். நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிக் காட்டிய டெக்னீஷியன் பெண், "ரொம்ப இறுக்கிடாதீங்க அக்கா" என்றாள்.

"எனக்கா சொல்ற? நான் மாஸ்க்கோடயே வாழ்றவ கண்ணு" என்றேன்.

பொய்யில்லை. பெயின்ட் பூத், அதாவது ஸ்ப்ரே அடிக்கிற மூடின அறைக்குள் போனால் மாஸ்க் இல்லாமல் இருக்க முடியாது. பட்டையை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். மாஸ்க் முகத்தோடு கப்பென்று ஒட்டிக்கொண்டால் சரி. ஒட்டவில்லையென்றால் இன்னும் இறுக்கு. வேலை முடிந்து கழற்றும்போது கன்னத்தில் தடம் பதிந்திருந்தால்தான் ஒழுங்காகப் போட்டதாக அர்த்தம். வேலைக்கு வந்த முதல் நாள் கற்றது, கைக்குத் தானாக வரும்.

மெஷின் போட்டுத் தூங்கிய முதல் காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கண் திறந்தேன். தலை வலிக்கவில்லை. காபி கொஞ்சம் ஆறியிருந்தது, குடித்துவிட்டேன். மகள் சாக்ஸைக் காணோம் என்றாள், தேடிக் கொடுத்தேன். யார் மேலும் எரிந்து விழவில்லை. வீட்டில் இரண்டு பேரும் பயந்துபோய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாயோடு நான் படுத்திருந்த கோலத்தைப் பார்த்து மகள் எனக்கு 'பைலட்' என்று பேர் வைத்தாள். எனக்கும் பறப்பது போலத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் கண்ணில் முடிந்தது. கொஞ்ச நாளிலேயே காலையில் இமை ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பிரித்தால் உள்ளே மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். வெள்ளை விழி செக்கச்செவேலென்று இருக்கும். வெயிலைப் பார்த்தால் பொலபொலவென்று நீர் கொட்டும். பட்டறையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் "என்னக்கா, வீட்டுல சண்டையா?" என்றார்கள். வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்த மாமியார் மகனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏன்டா, அவள என்னடா பண்ணின? அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடக்கு!"

"அம்மா, அவள அழ வெக்கிற தைரியம் எனக்கு இருக்கா?"

"இல்லதான்" என்று மாமியார் ஒப்புக்கொண்டார். ஆனாலும் போனை வைப்பதற்கு முன்னால் மகனை இரண்டு திட்டு திட்டிவிட்டுத்தான் வைத்தார்.

கண் டாக்டரிடம் போனேன். என்ன வேலை என்று கேட்டார். பெயின்ட் என்றேன். "அப்புறம் கண்ணு எரியாம என்ன பண்ணும்?" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ராத்திரி மெஷின் மாட்டிக்கொள்வதை நான் சொல்லவே இல்லை. மூக்குக்குப் போடுவதைக் கண் டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மருந்து விட்டால் ஒரு மணி நேரம் குளுகுளுவென்று இருக்கும். மறுநாள் காலை மறுபடியும் மணல்.

அப்போதுதான் ஒரு பாட்டு டீச்சரின் சில்வர் கார் வந்தது. பின்கதவு ஒன்று முழுசாக அடிக்க வேண்டும். நீர் வழியும் கண்ணோடு அட்டையைப் பிடித்துப் பார்த்தேன். சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. டெலிவரி எடுக்க வந்த டீச்சர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, தலையைச் சாய்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"கதவு மட்டும் வேற வீட்டுலேர்ந்து வந்த மாதிரி இருக்கேம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நீலம் ஏறியிருந்தது. என் மானம் போயிற்று. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதலாளி நல்லவர், அதனால் இன்னும் மோசமாக இருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ்ல உக்காரும்மா. பெயின்ட் பக்கமே வராத. டீச்சர் ஊருக்குப் போறாங்க, மாசக் கடைசில வண்டிய விடுவாங்க. அதுக்குள்ள கண்ணு சரியாச்சுன்னா நீயே பாரு. இல்லன்னா கலர வெளியில கொடுத்துக்கலாம்."

கலரை வெளியில் கொடுத்தால் எனக்கு அங்கே வேலை இருக்கும், நான் நானாக இருக்க மாட்டேன். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆபீஸ் அறை கண்ணாடிக் கதவு போட்டது. பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாசனை எட்டிப் பார்க்காது. பில் போட்டுக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு, பூத்தில் மற்றவர்கள் வேலை செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் போயிற்று. கண் அப்படியேதான் இருந்தது. சொல்லப்போனால் காலையில்தான் அதிகம், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கொஞ்சம் தேவலை. வேலையால் வந்த எரிச்சலென்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அன்றைக்குத்தான் உறைத்தது. குற்றவாளி பட்டறையில் இல்லை, என் தலைமாட்டில் இருக்கிறது.

மெஷினைத் துடைத்து, குழாயைச் சுருட்டி, பையில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியான பழக்கம்.

கண் தெளிந்துவிட்டது! இரண்டே நாளில் வெள்ளை விழி வெள்ளையாகத் தெரிந்தது. தலைவலி திரும்பியிருந்தது, பில் போடும் மேஜையிலேயே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தேன். ஸ்கூட்டரைத் தொடவில்லை, மகளைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். இருக்கட்டும், கண் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், அப்பாவோடு கடையிலிருந்து திரும்பிய மகள் சொன்னாள். "அம்மா, அப்பா இன்னிக்கு ஒருத்தரு காத வெட்டிட்டாரு."

"காதையா?"

"கொஞ்சூண்டு. ரத்தம் வந்துச்சு. அந்த மாமா பரவாயில்லன்னுட்டாரு. அப்பாதான் கத்தரிக்கோல கீழ வெச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரு."

அவர் கடை வைத்த நாளிலிருந்து ஒரு கீறல் விழுந்ததில்லை. கத்தி பிடிக்கிற கை அது. உள்ளே போய் அவர் முகத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினேன். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தன. என் கண்ணில் இருந்த சிவப்பு அப்படியே அவருக்கு இடம் மாறியிருந்தது.

"தூங்கலையா நீங்க?"

"எங்கேர்ந்து தூங்கறது?" என்றார். அதுவரைக்கும் சாதாரணமாகத்தான் பேசினார். அப்புறம் குரல் உடைந்தது. "நீ மூச்ச நிறுத்துற. நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அது வர்ற வரைக்கும் நானும் மூச்சு விடறதில்ல. தெரியுமா உனக்கு? இத்தன வருஷமா அப்படித்தான். அந்த மெஷின் வந்தப்பதான்டி நான் தூங்க ஆரம்பிச்சேன். அதத் தூக்கி அலமாரி மேல வெச்சுட்ட. தூங்கிப் பழகின உடம்பு இப்ப தாங்க மாட்டேங்குது."

"கண்ணு போனா எனக்கு என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அழுதேன். இந்தத் தடவை நிஜமாகவே அழுதேன்.

"கண்ணும் வேணும், நீயும் வேணும்" என்றார் அவர். "நாளைக்குக் கடை லீவு. நீயும் லீவு போடு. அத என் எதிர்ல மாட்டு, பாப்போம். ராத்திரி நீ லைட்ட அணைச்சுட்டுத்தான் மாட்டுற, நான் ஒரு நாளும் முழுசாப் பாத்ததில்ல."

மறுநாள் மத்தியானம் ஜன்னல் திரையை எல்லாம் விலக்கிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து மாஸ்க்கை எடுத்தேன். மகளுக்கும் பள்ளி அரை நாள்தான். வேடிக்கை பார்க்கக் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மெஷினை ஓடவிட்டேன். மாஸ்க்கை வைத்தேன், இரண்டு பட்டையையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கையால் தடவிப் பார்த்தேன், இன்னொரு தடவை இழுத்தேன். பிறகு படுத்தேன்.

"ஏய், இரு இரு" என்றார். "எதுக்கு இப்படி இறுக்குற? கன்னம் பிதுங்குது."

"மாஸ்க்னா இறுக்கித்தான் போடணும். இல்லன்னா கசியும்."

"யாரு சொன்னா?"

"பூத்துல அப்படித்தான்."

அவர் என் முகத்தின் மேல் குனிந்தார். முடி வெட்ட வருகிறவர்களின் கழுத்தைப் பார்ப்பதுபோல் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கடைப் பையிலிருந்து, கழுத்தைச் சுற்றி வைக்கிற அந்த மெல்லிய பேப்பர்ப் பட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். என் மூக்குத் தண்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் அதைத் தொங்கவிட்டார்.

பேப்பர் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அய்யோ, ஆடுதுப்பா!" என்று மகள் கட்டிலில் குதித்தாள்.

"நேரா கண்ணுக்குள்ள ஊதுது" என்றார் அவர். "ராத்திரி பூரா கண்ணுக்கு ஃபேன் போட்டு வெச்சிருக்க நீ."

கசிகிறதா? என் கை தானாகப் பட்டைக்குப் போயிற்று. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். பேப்பர் நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக அடித்து, அவர் விரலிலிருந்தே பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

"விடு, கையை எடு" என்றார். "கழுத்துல துணி கட்டுறேன்ல, அத இறுக்கிக் கட்டினா என்ன ஆகும்? துணி மடிஞ்சுக்கும். அந்த மடிப்பு வழியாத்தான் முடி பூரா சட்டைக்குள்ள போகும். ஒரு விரல் நுழையிற மாதிரி இடம் விட்டாத்தான் துணி சுருங்காம ஒக்காரும். இங்க பாரு, இந்த ரப்பர் ஓரம் மடிஞ்சு கெடக்கு, மூக்குக்கு மேல."

நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். பூத் மாஸ்க்கில் நான்தான் மூச்சை உள்ளே இழுக்கிறேன். இடுக்கு இருந்தால் விஷக் காற்று உள்ளே வரும், அதனால் இறுக்க வேண்டும். இதில் மெஷின் காற்றை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றே ரப்பரை உப்பவைத்து முகத்தில் உட்காரவைக்கும். அது உப்ப இடமே கொடுக்காமல் நான் நசுக்கி வைத்திருக்கிறேன். இரண்டும் மாஸ்க், ஆனால் நேர் எதிர் வேலை. வெளிச்சம் மாறினால் கலர் மாறும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கு இது தோன்றவில்லை.

அவர் பட்டைகளை இரண்டு பக்கமும் தளர்த்தினார். புஸ்ஸென்று நாலாப்பக்கமும் காற்று சீறியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, ரப்பரின் மடிப்பு விரிந்ததும் மெதுவாக இறக்கினார். பிறகு இரண்டு பக்கமும் சமமாக, சத்தம் நிற்கிற அளவுக்கு மட்டும் இழுத்தார். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் தன் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டார். புதுப் பேப்பர் ஒன்றைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

பேப்பர் சும்மா தொங்கியது.

"ஆடல" என்றாள் மகள்.

"திரும்பிப் படு" என்றார். ஒருக்களித்துப் படுத்தேன். கொஞ்சம் ஆடியது. அந்தப் பக்கப் பட்டையை ஒரு பொட்டு தளர்த்தினார், நின்றது. "அசையாத. கொஞ்ச நேரம் அப்படியே இரு, மறுபடி ஆடுதான்னு பாக்கறேன்."

அசையாமல் இருந்தேன். காற்று மூக்கில் மட்டும் சாதுவாகப் போய் வந்தது. கண் விழித்தபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. எவ்வளவோ நேரம் தூங்கியிருக்கிறேன். இமை ஒட்டவில்லை. சிமிட்டிப் பார்த்தேன், மணல் இல்லை. பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். விரல் நுனியில் அந்தப் பேப்பர் இன்னும் இருந்தது. மகள் உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று எனக்குச் சைகை காட்டினாள்.

அடுத்த நாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டாள். "மொத நாளே சொன்னேனேக்கா."

"சொன்ன கண்ணு. கேட்கற காத நான் வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்."

"நானும் உக்கார வெச்சுத்தான் மாட்டினேன். படுத்தா முகம் மாறும், அதையும் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, என்னைப் படுக்கவைத்து, காற்றை ஓடவிட்டே அளவு பார்த்தாள். ரப்பர் எனக்கு ஒரு சைஸ் பெரிது என்று மாற்றிக் கொடுத்தாள். காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்ப் பெட்டியை எப்படி வைப்பது என்றும் காட்டினாள். கண் டாக்டரிடம் திரும்பப் போய் இந்தத் தடவை மெஷினைப் பற்றியும் சொன்னேன். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். படுக்கப் போகும்போது கண்ணில் தடவ ஒரு மருந்து கொடுத்தார். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில காலைகளில் லேசாக உறுத்தியது. அப்போதெல்லாம் என் கை பழக்கதோஷத்தில் பட்டையை இறுக்கப் போகும். "விரல் போகுதா?" என்று பக்கத்திலிருந்து குரல் வரும், எடுத்துவிடுவேன்.

மாதக் கடைசியில் டீச்சரின் கார் வந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கார் சாவியைக் கையில் கொடுத்தார். காலையிலிருந்து கலந்தேன். முதல் அட்டை கொஞ்சம் கறுத்திருந்தது, தூக்கிப் போட்டேன். அடுத்தது நேரே பார்த்தால் சரி, சாய்த்துப் பார்த்தால் இல்லை. மூன்றாவதை வெயிலில் காரின் மேல் வைத்தபோது அட்டையின் ஓரம் எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கதவை அடித்துக் காயவைத்து, பாலிஷ் போட்டு வாசலில் நிறுத்தினோம்.

டீச்சர் சுற்றி வந்தார். தலையைச் சாய்த்தார். இன்னொரு தடவை சுற்றினார். "எந்தக் கதவுன்னு மறந்துபோச்சு. இதுதானே?" என்று நன்றாக இருந்த முன்கதவில் கை வைத்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பி, "போய் உன் இடத்துல உக்காரும்மா" என்றார். ஆபீஸைத் தாண்டி, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் இருக்கிற என் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாயடி டியூப்லைட்டில் அவர் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தை நான் நம்புவதில்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வாயில் நுரையோடு வந்தார். வெயிலுக்கு நேராக முகத்தைத் திருப்பி, நேராகப் பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

"என்னடி பாக்குற, தெருவுல நிக்க வெச்சு?"

"நேத்து ராத்திரி எத்தன தடவ எழுந்தீங்க?"

அவர் யோசித்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

"எதுக்கு எழுந்திருக்கணும்?" என்றார்.

அவர் கண்ணில் எங்கேயும் சிவப்பு இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, மகளைப் பள்ளியில் விட ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.